அழுகை சேகரித்த பராசரன் வாத்தியார்

பராசரனுக்கு அழுகை பிடிக்கும். தன்னுடைய அழுகை அல்ல. பெற்ற தாயைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் கண்ணில் ஒரு சொட்டு ஈரத்தை யாரும் பார்க்கவில்லை. அழ வேண்டியவர்கள் மற்றவர்கள். அதுவும் விம்மி, மூக்கை உறிஞ்சி, பேச்சுத் தடுமாறி அழ வேண்டும். டேப் ரிக்கார்டரின் முகப்பில் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு அந்த அழுகைக்குத் துடிக்க வேண்டும். அப்போது அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வரும். கல்யாணப் பந்தியில் தன் இலையில் மட்டும் இரண்டாவது லட்டு விழுந்தவனுக்கு வருகிற மலர்ச்சி அது.

திருவள்ளூரில் பிறந்தவர். அப்பா அனந்தபத்மநாபன் வீரராகவப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் சேவித்த உத்தமர். மழையோ காய்ச்சலோ, விடியற்காலையில் நீராடிவிட்டுப் பெருமாள் முன்னால் நின்றுவிடுவார். அந்த மனிதருக்கு இந்தப் பிள்ளை! கோயில் காரியத்துக்குப் பொறுமை இல்லை என்று பட்டப் படிப்பும் ஆசிரியர் பயிற்சியும் முடித்து, 1961-ல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக வந்து சேர்ந்தார். வாடகை வீடு பிடித்து மனைவி ஹேமாம்புஜத்தைக் கூட்டிவந்தார். பிறகு பன்னிரண்டு வருஷம் பாடப் புத்தகத்தை உரக்கப் படித்தார், அவ்வளவுதான். பிள்ளைகள் தூங்கினார்கள். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தூங்க வைத்து அவர் யாரையும் கொன்றுவிடவில்லை.

கெட்ட காலம், 1973 கோடை விடுமுறையில் சென்னையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. சரித்திரம் என்றால் ராஜாக்களும் தேதிகளும் மட்டும் அல்ல என்று அங்கே யாரோ பேசினார்களாம். உங்கள் ஊரில் வாழ்ந்தவர்களிடம் போங்கள், அவர்கள் பார்த்ததையும் பட்டதையும் சொல்லச் சொல்லி டேப்பில் பதிவு செய்யுங்கள், வகுப்பில் போடுங்கள், பிள்ளைகள் கேட்டுக் கேள்வி கேட்கட்டும் என்றார்களாம். தங்கமான யோசனை. அது வந்து விழுந்த இடம்தான் சாக்கடையாகப் போயிற்று.

பள்ளிக்கூடத்தில் நாடாச் சக்கரம் சுற்றுகிற ஒரு ஸ்பூல் டேப் ரிக்கார்டர் இருந்தது. ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் போட வாங்கியது. மற்ற நாளெல்லாம் தலைமை ஆசிரியர் சாலமோனின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். பராசரன் அவரைக் கெஞ்சி, கொஞ்சி, மெஷினை வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் அவர் பதிவு செய்தது ராஜமாணிக்கத்தை. ரயில் பாதையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மழைக்காலத்தில் பாலத்தடியில் மண் அரித்துப்போக, தானும் மூன்று ஆட்களும் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நின்று பாசஞ்சர் வண்டியை நிறுத்தியதை ராஜமாணிக்கம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அதை வகுப்பில் போட்டபோது பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள். "சார், அந்த வண்டியில எங்க அப்பா வந்தாரா?" "சார், வெளக்கு அணைஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று கேள்வி மேல் கேள்வி. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வகுப்பறைக்கு அன்றுதான் உயிர் வந்தது.

பராசரனுக்குத் திருப்தி இல்லை. மறுநாள் ராஜமாணிக்கத்தைத் தேடிப் போனார்.

"செத்துப்போனவா யாராவது உண்டா?"

"யாரும் சாவல சார். அதுக்குத்தான நின்னோம்."

"அடிபட்டவா?"

"ஒருத்தனுக்கு சளி புடிச்சிது."

பராசரன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து அந்தப் பதிவை அழித்தார். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அழிக்கத் தெரியாதவர் அல்ல அவர்.

அடுத்த வருஷம், 1974 செப்டம்பரில், கல்வி அதிகாரி பள்ளியைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர் மனம் வைத்தால் நல்லாசிரியர் பட்டத்துக்குப் பெயர் போகும். பராசரன் தூக்கம் இழந்தார். அதிகாரியைக் கண் கலங்க வைக்கிற ஒரு கதை வேண்டுமே! இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தைப் பற்றி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நாகபூஷணம் என்ற பெண் எழுந்தாள். ஆரம்பாக்கம் ஆதிநாராயணனின் மகள்.

"சார், ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணத்து ஜனங்க ஓடியாந்தாங்களே, அத எங்க பெரியம்மா நேர்ல பாத்தாங்களாம்."

"உங்க பெரியம்மா இப்போ இருக்காளா?"

"கீறாங்க சார். எங்க ஊட்டுக்கு எதிர் ஊடு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே பராசரன் மெஷினைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் ஆரம்பாக்கத்தில் போய் இறங்கினார்.

பெரியம்மா என்பது கெங்கம்மாள். ஐம்பத்தாறு வயது. ஆதிநாராயணனின் அண்ணனைக் கட்டியவள். அண்ணன் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. கொஞ்சம் நெல் நிலம், ஒரு பம்புசெட்டு, துளசிராமன் என்று ஒரே மகன். மகன் என்றால் அவளுக்கு உயிர். அவனுக்கு முப்பத்திரண்டு வயதாகிக் கல்யாணமும் ஆன பிறகும், வயலிலிருந்து வர நேரமானால் தெருமுனைக்கு வந்து நிற்பாள். கூட நாற்று நடுகிற பெண்கள் கேலி செய்தால் ஒரே பதில்தான் சொல்வாள்: "எனக்கு இன்னாடி வேணும்? எம் புள்ள கையால ஒரு கொள்ளி. அத்தோட செரி."

அந்தக் கொள்ளியின் கதைதான் இது. பாவி மனிதர் அதில்தான் கையை வைத்தார்.

துளசிராமன் வயலுக்குப் போயிருந்தான். பராசரன் மெஷினைப் பிளக்கில் சொருகி, மைக்கை அவள் முன்னால் வைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். அந்தத் தலைசாய்ப்பும், "அப்புறம்மா?" என்ற பசும்பால் குரலும் அவருக்கு இருந்த ஒரே திறமை. முப்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெண்ணிடம் யாரும் "அப்புறம்?" என்று கேட்டதில்லை. அவள் பாரத்தில் பங்கு கொண்டிருந்த ஒரே மனிதனான புருஷனும் போய்விட்டான். அவள் சொன்னாள். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை.

கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. மாமியாரிடம் ஏச்சு வாங்கி, கோபித்துக்கொண்டு ஆரணியில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனவள் ஒரு வருஷம் வரை திரும்பவில்லை. புருஷன் மட்டும் வந்து வந்து பார்த்துவிட்டுப் போவான். அந்தச் சமயத்தில்தான் பட்டணம் காலியாயிற்று. வண்டி வண்டியாக ஜனம். அதில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து அவர்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் தங்கினாள். புருஷன் பட்டணத்திலேயே நின்றுவிட்டானாம். நாலாம் நாள் குழந்தையைக் கெங்கம்மாளின் மடியில் போட்டு, "அவரைக் கூட்டிக்கினு ராத்திரிக்குள்ள வந்துடறேங்க்கா" என்று போனவள் வரவே இல்லை. ஒரு மாதம் பார்த்தார்கள், இரண்டு மாதம் பார்த்தார்கள். பிறகு அந்தக் குழந்தை கெங்கம்மாளைப் பார்த்து "ம்மா" என்று சிரித்தது.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடப்பது இந்தப் பக்கத்து வழக்கம். ஆரணியிலிருந்து கையில் குழந்தையோடு அவள் வந்து இறங்கியபோது ஆரம்பாக்கத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை. மாமியார் ஆரத்தி எடுத்தாள்.

"நான் பெக்கல சாமி," என்று சொல்லும்போது அவள் உடைந்துபோனாள். "பெக்கலியே தவிர, அவன்தான் எம் புள்ள."

பச்சை விளக்கு துடிதுடித்தது. பராசரன் மலர்ந்தார்.

கொஞ்ச நேரம் அழுதுவிட்டுக் கெங்கம்மாள் திடுக்கிட்டவள் போல நிமிர்ந்தாள்.

"சாமி, நான் இன்னான்னமோ பேசிட்டேன். பட்டணத்து ஜனங்க வந்தத வெச்சிக்கோங்க. புள்ளையப் பத்தி சொன்னத அழிச்சிடுங்க. எங் கொழுந்தன் காதுக்குப் போச்சின்னா எம் புள்ளைய கொள்ளி வெக்க உட மாட்டான்."

"அழிச்சுடறேம்மா."

"சத்தியமா?"

"எங்க வீரராகவப் பெருமாள் மேல ஆணை. அழிச்சுடறேன். போறுமா?"

கெங்கம்மாள் கும்பிட்டாள். மோர் கொடுத்தாள். ஸ்பூல் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் ஒரு விம்மல் மிச்சம் இருந்தால் அதையும் விட்டுவிடக் கூடாது என்று அந்த மகானுபாவர் நிறுத்தாமல் வைத்திருந்தார்.

அன்று மாலை வீட்டில் காப்பியைக் குடித்துக்கொண்டே அதைப் போட்டுக் கேட்டார். ஹேமாம்புஜம் கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நின்றாள். கடைசி வரை கேட்டாள்.

"அழிக்கப் போறேளா?"

"எதை?"

"பெருமாள் மேல ஆணை வச்சு எதைச் சொன்னேளோ அதை."

"அசடு! அதுதான்டி கதையே. மத்ததெல்லாம் எந்தப் புஸ்தகத்திலயும் இருக்கு. ஒரு நல்ல காரியத்துக்குன்னு பெருமாளுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குப் பட்டம் வரது பெருமாள் காரியமா? உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா சந்நிதியிலயே உயிரை விட்டுடுவார்."

"நீ உள்ளே போய் ரசத்தைப் பார்."

"ரசம் நன்னாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அன்று அவருக்கு ஒரு கரண்டி நெய்கூட விழவில்லை. அந்த வீட்டில் அவருக்குக் கிடைத்த தண்டனை அதோடு சரி.

கல்வி அதிகாரி வந்தார். பத்தாம் வகுப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பராசரன் வெளுத்த ஜிப்பாவில் நின்று, "இது நம்ம மண்ணின் குரல்" என்று ஆரம்பித்து மெஷினைத் திருகினார். கெங்கம்மாளின் குரல் வகுப்பறையில் எழுந்தது. இருமலும் தயக்கமுமாக, ஈரமாக. முழுக்கப் போட்டார். "அவன்தான் எம் புள்ள" என்று அவள் உடைந்து அழுகிற இடம் வரை போட்டு, சரியாக அந்த அழுகையின் நுனியில் நிறுத்தினார். பல தடவை ஒத்திகை பார்த்திருந்தார் போலிருக்கிறது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாலமோன் தொண்டையைச் செருமினார். பராசரன் கரும்பலகைக்குத் திரும்பி அழகான கையெழுத்தில் எழுதினார்:

'கெங்கம்மாள் அழுததற்கான காரணங்கள் மூன்று கூறுக. மதிப்பெண் 5.'

என் கை இதை எழுதக் கூசுகிறது. ஒரு தாயின் முப்பத்திரண்டு வருஷ நெஞ்சுத் தீக்கு ஐந்து மதிப்பெண்! அதோடாவது விட்டாரா? மூன்றாவது பெஞ்சில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"நாகபூஷணம், உங்க பெரியம்மாவாச்சே. நீ எழுந்து சொல்லு."

நாகபூஷணம் எழுந்தாள். துளசிராமன் அண்ணன்தான் அவளைத் தினமும் சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விடுவான். அவள் தலையைக் குனிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். அதிகாரி அதையும் பார்த்து நெகிழ்ந்துபோனார். பிள்ளைகளின் உள்ளத்தைத் தொடுகிற ஆசிரியர் என்று எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்குப் போன பெண்ணின் வீங்கிய கண்ணைப் பார்த்து அப்பா மிரட்டினார். அவள் சொல்லிவிட்டாள்.

ஆதிநாராயணன் அதற்காகவே காத்திருந்தவர் போல ஆனார். கொள்ளி வைக்கிறவனுக்குத்தான் அந்த ஊரில் வீடும் நிலமும். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை என்றால் அண்ணிக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி. மறுநாள் காலையில் டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது துளசிராமனைக் கூப்பிட்டார்.

"இன்னாடா, பட்டணத்துப் புள்ள! நாஷ்டா ஆச்சா?"

"இன்னா சித்தப்பா புதுசா?"

"சித்தப்பாவா? யாருக்கு யாருடா சித்தப்பா? உங்கம்மாவ போயி கேளு. மாட்டுக் கொட்டாயில கெடந்தத எடுத்தாளாம், கும்மிடிப்பூண்டி இஸ்கூல்ல மெஷின்ல பேசிக்கீறா. நான் இருக்கற வரைக்கும் எங்க அண்ணன் ஊட்டுக் கொள்ளிய வேத்து ரத்தம் தொடாது. தெரிஞ்சிக்கோ."

துளசிராமன் நேராக வீட்டுக்கு வந்தான். கெங்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததுமே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, சித்தப்பா சொல்றது நெஜமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் உம் புள்ள இல்லியா?"

அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். துளசிராமன் அவளைப் பார்த்தான். பிறகு கைகால் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"பசிக்குது. சோறு போடும்மா."

அவள் போட்டாள். அவன் உண்டான். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் ஊரில் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்துக் கெங்கம்மாள் தனியாக ரயிலேறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பராசரன் சரித்திர அறையில் ஸ்பூலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிடறேன்னு சொன்னீங்களே சாமி."

"அடடே, வாங்கோம்மா! உக்காருங்கோ. உங்க கதையைக் கேட்டு அதிகாரியே கண்ணைத் துடைச்சுண்டார் தெரியுமோ? எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்!"

"எம் புள்ளைய கொள்ளி வெக்க உட மாட்டேன்றாங்க. நீங்க வந்து ஊர்ல ஒரு வார்த்த சொல்லுங்க சாமி. கெழவி ஏதோ ஒளறினான்னு சொல்லுங்க. உங்க பேச்ச கேப்பாங்க."

அவள் குரல் நடுங்கத் தொடங்கியதும் பராசரனின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. கை மெல்ல மெஷினுக்குப் போயிற்று.

"சொல்லுங்கோம்மா. யார் விட மாட்டேங்கறா? அப்புறம்?"

கெங்கம்மாள் பச்சை விளக்கைப் பார்த்தாள்.

"அது இன்னா சாமி, மறுபடி எரியுது?"

"அது ஒண்ணுமில்லே. நீங்கோ பேசுங்கோ."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து போய்விட்டாள். அவள் வெயிலில் மைதானத்தைக் கடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பராசரன், இரண்டாம் பாகம் போயிற்றே என்று வருத்தப்பட்டார்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பில் இருந்த காய்ச்சலுக்கு மருந்து இருந்தது. மனதில் இருந்ததற்கு எந்த டாக்டரிடம் போவது? கஞ்சியைத் தள்ளினாள். மாத்திரையைத் துப்பினாள். மகனின் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள். "நீதான்டா வெக்கணும். வேற எவன் வெச்சாலும் எனக்கு வேவாது," என்று சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள்.

வாசலில் பந்தல் போட்டார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். உடலைக் குளிப்பாட்ட, ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டு ஈரத்துணியோடு வந்த துளசிராமனை வாசலில் ஆதிநாராயணன் மறித்தார்.

"கொடத்த எறக்கு."

"வழி உடு சித்தப்பா. அம்மா காத்துக்கினு கீறாங்க."

"யாருக்கு அம்மா? அருணாச்சலண்ணே, நீங்களே நாயம் சொல்லுங்க. அண்ணி வாயால சொன்னது மெஷின்ல கீது. வாத்தியாருக்கு ஆள் உட்டுக்கீறேன்."

அருணாச்சலம் அந்த ஊருக்குப் பெரியதனம். பிணத்தை வைத்துக்கொண்டு வழக்கா என்று முகம் சுளித்தார். ஆனாலும் புகார் வந்துவிட்டால் கேட்காமல் இருக்க முடியாது. குடத்தைத் தோளில் சுமந்தபடி துளசிராமன் நின்றான். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பராசரன் வந்தார். வேறு மனிதனாக இருந்தால் சாவு வீட்டுக்கு இப்படி வருவதற்கு வெட்கப்பட்டுத் தூக்கில் தொங்கியிருப்பான். இவர் சைக்கிள் கேரியரில் மெஷினைக் கட்டிக்கொண்டு, சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார். கையில் இன்னொரு காலி ஸ்பூலும் இருந்தது. ஒப்பாரியைக் கேட்டதும், "அடாடா, இது நன்னா இருக்கே, அப்புறம் இதையும் எடுத்துண்டுடலாம்" என்றார். பிறகு அழுகிற பெண்களைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"சித்தே சத்தம் போடாம இருக்கேளா? மெஷின் பேசறது கேக்காது."

வீட்டுக்குள்ளிருந்து வயரை இழுத்தார்கள். அது பிணத்தின் காலடி வழியாக வந்தது. ஸ்பூல் சுற்றியது.

"ஆரணியில எங்கம்மா ஊட்டுல இருந்தேன் சாமி..."

பந்தலே அதிர்ந்தது. வாயைக் கட்டிக் கிடத்தியிருக்கிறவள் பேசுகிறாள்! அதே இருமல், அதே இழுப்பு. "ஐயோ கெங்கம்மா!" என்று ஒரு பெண் பிணத்தின் மேல் போய் விழுந்தாள். துளசிராமனின் தோளில் குடம் ஆடியது. ஊர் மூச்சுவிடாமல் கேட்டது. மாட்டுக் கொட்டகை, கைக்குழந்தை, ராத்திரிக்குள் வருகிறேன் என்றவள். "நான் பெக்கல சாமி" என்ற வார்த்தை வந்ததும் ஆதிநாராயணன் வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார்.

அழுகை வந்தது. பராசரனின் கை பழக்கத்தில் திருகுக்குப் போயிற்று.

"கைய எடு வாத்தியாரே!" என்றார் ஆதிநாராயணன். "ஓடட்டும். இன்னும் இன்னா இன்னா மறைச்சிக்கீறான்னு ஊரு கேக்கட்டும்."

"இல்லே, இதோட முடிஞ்சுடறது..."

"ஓடட்டும்னேன்!"

ஆதிநாராயணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஸ்பூல் ஓடியது. 'எங் கொழுந்தன் காதுக்குப் போச்சின்னா எம் புள்ளைய கொள்ளி வெக்க உட மாட்டான்' என்று இறந்தவள் சொன்னாள். அதற்குப் பசும்பால் போன்ற ஒரு குரல் பதில் சொன்னது: 'எங்க வீரராகவப் பெருமாள் மேல ஆணை. அழிச்சுடறேன். போறுமா?'

பிறகு மோர்த் தம்ளர் வைக்கிற சத்தம். ஸ்பூல் முடிந்து டப் டப் என்று அடித்துக்கொண்டது.

"யாரு கொரலு அது?" என்று கேட்டார் அருணாச்சலம்.

"ரிக்கார்டிங் அந்த இடத்திலே சரியா விழலே..."

"யாரு கொரலுன்னு கேட்டேன்."

"நம்ம சாமி கொரலுதான்," என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். "மைக்கு வெச்சா இன்னும் இனிப்பா கீது."

அருணாச்சலம் எழுந்து நின்றார்.

"சாமி மேல சத்தியம் பண்ணிட்டு மிதிச்சவன் சாட்சி இந்த ஊரு சபையில செல்லாது. அவன் எடுத்தாந்த பொருளும் செல்லாது. தொடப்பக்கட்டையால தள்ளு அந்தப் பேச்ச."

"அண்ணே!" ஆதிநாராயணன் துள்ளினார். "வாத்தியாரு பொய்யனா இருந்துட்டுப் போவட்டும். அண்ணி சொன்னது நெஜம்தான?"

"நெஜமா பொய்யான்னு நான் கேக்கல. போன வருஷம் ஏரித் தண்ணி மொறை வழக்குல பொய்ச் சத்தியம் பண்ணவன் சாட்சிய எடுக்கக் கூடாதுன்னு எழுந்து நின்னு கத்தனது யாரு? நீதான? அன்னிக்கி உனக்கு ஆன நாயம் இன்னிக்கி உங்க அண்ணிக்கி ஆவாதா?"

ஆதிநாராயணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற நாகபூஷணம் அப்பாவைப் பார்க்காமல் நடந்துவந்து, துளசிராமனின் தோளில் இருந்த குடத்தை ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தாள்.

"வாண்ணா. பெரியம்மாவுக்குத் தண்ணி ஊத்து."

வழி விட்டார்கள். ஒப்பாரி மறுபடி எழுந்தது.

குளிப்பாட்டி, மாலை போட்டு, பாடையைத் தூக்குகிற நேரத்தில் துளசிராமன் மெஷினிடம் வந்தான்.

"அந்தச் சக்கரத்தக் குடு சாமி."

"எது, ஸ்பூலா? ஐயோ, அது பள்ளிக்கூடத்துச் சொத்துப்பா! அரசாங்க ஆடிட் இருக்கு. சாலமோன் சாருக்கு நான் பதில் சொல்லணும்."

துளசிராமன் தானே எடுத்துக்கொண்டான். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அம்மாவின் குரல் உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றில்தான். வைத்திருந்தால் நினைத்தபோதெல்லாம் அவள் பேசுவாள், இருமுவாள், எம் புள்ள என்று சொல்வாள். ஸ்பூலை ஒரு தரம் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"அழிச்சிடுன்னு சொன்னாங்க," என்றான். "நீ செய்யல. நான் செய்யறேன்."

சுடுகாட்டில் விறகு அடுக்கினார்கள். துளசிராமன் ஸ்பூலைத் தாயின் நெஞ்சில் வைத்து வறட்டியால் மூடினான். தோளில் பானையோடு மூன்று சுற்று வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யம்மா!" என்று அந்த மழைக்கால வானம் பிளக்கிற மாதிரி ஓர் அலறல் அலறி, கொள்ளியை வைத்தான். ஈர விறகுதான். ஆனாலும் பற்றிக்கொண்டது. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் நடந்தான். ஊரும் அவன் பின்னால் நடந்தது.

ஒருவர் மட்டும் போகவில்லை. எல்லாரும் போன பிறகு வேலிக்குப் பின்னாலிருந்து பராசரன் வந்தார். ஜிப்பா முழுக்கச் சேறு. ஒரு நீளமான கழியைப் பொறுக்கி, புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, சிதையின் மேல் பக்கத்து வறட்டியை நெம்பிப் பார்த்தார்.

"ஏய், யாரது?" என்று பிணம் எரிக்கிற ஆள் ஓடிவந்தான். "அங்க இன்னாய்யா நோண்டிக்கினு கீற?"

"இல்லேப்பா, ஒரு சின்ன சாமான். கால்வாசியாவது தேறுமான்னு..."

"தள்ளிப் போ சாமி. தாயி வேவுது."

அவன் கழியைப் பிடுங்கி நெருப்பிலேயே போட்டான்.